எனாமல் கிண்ணத்தில் ஒரு கார்ப்ரேட்டர்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்ரேட்டரை டியூன் பண்ணித் தரமுடியுமா என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஸ்க்ரூவைத் திருகிவிட்டுத்தான் வருகிறார்கள். எத்தனை சுற்று என்று கேட்டால் தெரியாது. உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் யோசிப்பார்கள். "சும்மா லேசாத்தான்" என்பார்கள். இந்த 'லேசா'வைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் ஒரு காலத்தில் லேசாகத் திருகியவன்தான். அதில் ஒரு வண்டியின் ஸ்க்ரூ முனையே மழுங்கிப்போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தொழில் இதுவல்ல. காரைக்குடியில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். வண்டி வேலை பள்ளிக்கூட லீவு நாட்களில் ஒரு பாயின் மெக்கானிக் கடையில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் அந்தக் கடைக்கு வந்தவை முக்கால்வாசி டி.வி.எஸ். 50. புதுவயல் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றி வந்தவை, பால் கேன் தொங்கியவை, பின்சீட்டில் பலகார டின் கட்டியவை. மீதி சி.டி.100, கொஞ்சம் புல்லட், எப்போதாவது ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.100. அது வந்தால் பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

போன மார்கழியில் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு வயரிங் சாமான் கொண்டுபோனேன். தையில் கல்யாணம். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று விசேஷம் வந்தால் திறப்பார்கள், வெள்ளையடிப்பார்கள், ஊரே வந்து போகும், மறுபடி பூட்டு. இரண்டாங்கட்டில் லைட் பாயிண்ட் பார்க்கப் போனபோது மூலையில் பழைய ஜமுக்காளம் போர்த்தி ஏதோ நின்றது. தூக்கிப் பார்த்தால் ஆர்.எக்ஸ்.100. டேங்கில் தூசி விரல் கனத்துக்கு. டயர் இரண்டும் தரையோடு தரை.

"அவுக ஓட்டுன வண்டி. அவுக போனதுக்கப்புறம் யாரும் தொடலை" என்றார் அந்த வீட்டு ஆச்சி. "பேரன் சிங்கப்பூர்லேருந்து வர்றான். ஐயா வண்டியில கோயிலுக்குப் போகணும்ங்கிறான். ஓடுமா தம்பி?"

ஓடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எத்தனை வருஷமாக நிற்கிறது என்று கேட்டேன். பதினொன்று.

ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985-இல் வந்தது, 1996-இல் நின்றது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. வண்டியின் எடையோடு ஒப்பிட்டால் அந்த 11 அப்போது பெரிய விஷயம். கார்ப்ரேட்டர் மிக்குனி வி.எம். வகை. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வட்டமான சிலைடு நேராக மேலும் கீழும் ஏறி இறங்கும், அதன் அடியில் ஊசி தொங்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார்ப்ரேட்டர் கிடையாது என்பது என் கட்சி. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

வேலைக்காரப் பையன் ஒருவன் வண்டியைப் பார்த்ததுமே கிக்கரில் கால் வைத்தான். பிடித்து இழுத்தேன். நின்ற வண்டியை முதலில் உதைக்கவே கூடாது. டேங்கில் துருவும் பழைய பெட்ரோலும் இருக்கும். உதைத்தால் அது கார்ப்ரேட்டருக்குள் இறங்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும். டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் டப்பா வாசனை. பெட்ரோலில் லேசான பொருட்கள் முதலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சமிருப்பது காற்றோடு சேர்ந்து பசையாகும். அந்தப் பசைதான் ஜெட் எனப்படும், பெட்ரோல் போகிற சின்னப் பித்தளைத் துண்டுகளின் ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓடி ஓடிக் கெட்ட கார்ப்ரேட்டரைவிட ஓடாமல் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பூட்டிய வீடுகள் அதிகம், அதுவும் ஒரு காரணம்.

டேங்கைக் கழற்றி துரு எடுத்தது தனிக்கதை. ஒன்றரை நாள் போனது.

பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக இறக்கினேன். பிஸ்டன் பிடித்திருக்கவில்லை. பிளக்கை இன்ஜினில் சாய்த்து வைத்து உதைத்துப் பார்த்ததில் நீலப் பொறி வந்தது. பிளக் ஓட்டையில் விரலை வைத்தால் காற்று தள்ளியது. இந்த இரண்டையும் பார்க்காமல் கார்ப்ரேட்டரைத் தொடுவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருக்கிறேன். கார்ப்ரேட்டர் கோளாறு என்று என்னிடம் வருகிறவற்றில் பாதி கார்ப்ரேட்டர் கோளாறே இல்லை. பிளக், பிளக் மூடி, அடைத்த ஏர் ஃபில்டர், டூ ஸ்ட்ரோக் என்றால் கரி பிடித்த சைலன்சர். ஆத்தங்குடி சாலையில் தினமும் போய்வருகிற வண்டியின் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி செம்மண் விழும். அந்த மண்ணோடு எந்த ஸ்க்ரூவைத் திருகி என்ன ஆகப்போகிறது.

கார்ப்ரேட்டரைக் கழற்றி நடுமுற்றத்து வளவில் உட்கார்ந்தேன். ஆச்சிக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பெட்ரோல் கறை படிந்துவிடுமோ என்று கவலை. ஒரு பழைய வேட்டியை மடித்து விரித்தார். பிறகு உள்ளே போய், நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார். "சின்னச் சாமான்லாம் இதுல போட்டுக்கங்க, உருண்டு போயிராம." அதைப்போல உருப்படியான யோசனையை எந்த வொர்க்‌ஷாப்பிலும் நான் கேட்டதில்லை. வெள்ளை எனாமலில் பித்தளை ஜெட் பளிச்சென்று தெரியும். கறுப்புத் துணியில் போட்டு பிளோட் ஊசியைத் தொலைத்தவனுக்குத்தான் அந்த அருமை புரியும்.

"இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரிகிற வீடு அது. கதவெல்லாம் திறந்திருந்தால் நிலைக்கு நிலை காற்று வேகமெடுக்கும். அதனால்தானே மத்தியானம் ஆச்சி நிலைப்படியோரம் தலைவைத்துப் படுக்கிறார், அகலமான வளவின் நடுவில் அல்ல? குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் போகும், வேகமாகப் போகிற இடத்தில் அதன் அழுத்தம் குறையும். கார்ப்ரேட்டரின் தொண்டையும் அப்படிக் குறுகல்தான். அழுத்தம் குறைந்த இடத்தில், கார்ப்ரேட்டரின் அடியில் இருக்கும் பெட்ரோல் கிண்ணத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து நிற்கிறது. பெட்ரோல் தானாக மேலேறித் தூவலாகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறாமல் இருக்க ஒரு மிதவை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வுதான், சுண்டைக்காய் அளவில். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆச்சி, "அப்ப காத்துதான் பெட்ரோலை இழுக்குது" என்றார். ஆமாம், அவ்வளவுதான்.

கீழ்க் கிண்ணத்தைத் திறந்தேன். அடியில் தேன் நிறத்தில் கெட்டியான பசை, ஓரத்தில் வெள்ளைப் பொடி. அந்த வெள்ளைப் பொடியைப் பலர் உப்பு என்பார்கள். கார்ப்ரேட்டர் உடல் ஒரு உலோகம், ஜெட் பித்தளை. ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகமும் சின்ன பேட்டரி மாதிரி ஆகி, ஒன்று அரிபடும். 1953-இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரன் நான். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காமல் பாய் கடையில் தெரிந்துகொண்டதுதான் கொஞ்சம் வெட்கம்.

மெயின் ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், பொட்டு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. பைலட் ஜெட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதன் ஓட்டை நாலைந்து தலைமுடியைச் சேர்த்துத் திரித்த கனம்தான் இருக்கும், அடைபடுவது எப்போதும் அதுதான். இங்கேதான் எல்லோரும் பிரேக் கேபிளில் ஒரு இழையைப் பிரித்துக் குத்துவார்கள். நான் குத்துவதில்லை. பித்தளை மெத்து, கேபிள் இரும்பு. ஒருமுறை குத்தினால் அடைப்பு போகும், கூடவே ஓட்டையும் பெருக்கும். அப்புறம் அந்த வண்டி ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். கார்ப் கிளீனரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் காற்றடித்தேன். வெளிச்சம் வந்தது. மெல்லிய நைலான் இழை வேண்டுமானால் பரவாயில்லை.

மிதவை ஏறும்போது பெட்ரோல் வழியை அடைக்கிற பிளோட் ஊசிக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கார்ப்ரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை தன் எடையில் ஊசியை அழுத்தும். அப்போது பெட்ரோல் வரும் குழாயில் வாயை வைத்து ஊத வேண்டும். காற்று போகக்கூடாது. போனால் ஊசியோ அதன் இருக்கையோ தேய்ந்திருக்கிறது, வண்டி ஓவர்ஃப்ளோ ஆகும். சாலையில் திடீரென்று ஓவர்ஃப்ளோ ஆனால் பயப்பட வேண்டாம், அநேகமாக ஒரு தூசிதான். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினால் பல நேரம் நின்றுவிடும். இதில் ஊதியபோது காற்று போகவில்லை, ஆனால் வேறு ஒன்று மாட்டியது. கிண்ணத்துக்கு வெளிக்காற்று வருகிற மெல்லிய டியூபின் முனையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பூட்டிய வீட்டில் குளவி சும்மா இருக்குமா. அந்த டியூப் அடைத்தால் மேலே காற்று இல்லாமல் பெட்ரோல் சரியாக ஏறாது. நீங்கள் ஜெட்டை எத்தனை முறை கழுவினாலும் அது தெரியாது.

இதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பாவின் ஸ்ப்ளெண்டர் தேவகோட்டை சாலையில் எட்டாவது கிலோமீட்டர் போல வந்ததும் இருமி நின்றுவிடும். ஐந்து நிமிஷம் நிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை கார்ப்ரேட்டரைக் கழற்றினேன். நாலாவது வாரம் பாயிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நின்னதும் டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?" இல்லை. அவரே ஓட்டிப்போய், வண்டி நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியில் இருக்கிற மூச்சுத் துவாரம் செம்மண்ணும் பாலிஷும் சேர்ந்து அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம், அது பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு குண்டூசி வேலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதை பாய் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

சரி, பள்ளத்தூருக்கு வருவோம்.

பூட்டும்போது சிலைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கிற பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை உள்ளே மெதுவாக இறக்கி, தட்டுப்பட்டதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். ஆர்.எக்ஸில் ஆயில் பம்ப் தனியாக உண்டு. ஆனால் பதினொரு வருஷமாகக் குழாயில் காற்று இருக்குமே என்று முதல் டேங்குக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ‑டி ஆயில் பெட்ரோலிலேயே கலந்துவிட்டேன். மார்கழிக் காலை, நல்ல குளிர். சோக்கைப் போட்டு உதைத்தேன். வீட்டில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று "ஆக்ஸிலேட்டரைக் கொடுங்க, கொடுங்க" என்றார்கள். இந்த வண்டியில் அது தப்பு. வி.எம். கார்ப்ரேட்டரில் சோக் என்பது காற்றை மறைக்கிற தகடு கிடையாது. குளிர் நேரத்துக்கென்று தனியாக ஒரு வழி பெட்ரோலைக் கொண்டுவருகிறது. சிலைடு முழுக்க மூடியிருந்தால்தான் அந்த வழியில் இழுப்பு இருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சோக் இல்லாத மாதிரிதான்.

ஆறாவது உதையில் பிடித்தது. வளவு முழுக்கப் புகை. ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு ஒரு நிமிஷம்தான். வண்டி சூடானதும் ரேஸ் ஏற ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விட்டால் இறங்காமல் மேலேயே கத்திக்கொண்டு நிற்கும், பிறகு சொத்தென்று விழுந்து ஆஃப். இங்கே நான் நிதானத்தை மறந்தேன். ஏர் ஸ்க்ரூவை உள்ளே கால் சுற்று. கொஞ்சம் தேவலை. இன்னும் கால். அப்புறம், ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தேன், ஆஃப். கூட்டினேன், கத்தல். ஒரு மணிநேரம் இப்படியே. கடைசியில் ஏர் ஸ்க்ரூ முழுக்க மூடியிருந்தது, அப்போதும் வண்டி கத்தியது.

அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூ நல்ல நிலையில் ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் எங்கேயோதான் நிற்கும். முழுக்க மூடினாலும் போதவில்லை என்றால், ஸ்க்ரூ வழியாக இல்லாமல் வேறு எங்கிருந்தோ காற்று வருகிறது. தெரிந்த விஷயம்தான். ஆனால் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் மூளை வேலை செய்வதில்லை.

பாய்க்கு போன் போட்டேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருக்கிறார். இருந்தாலும் ஆர்.எக்ஸ். என்றதும் எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வண்டியை ஓடவிட்டுப் பத்து விநாடி கேட்டார். ஸ்க்ரூ டிரைவரைக் கேட்கவில்லை. "கிரீஸ் இருக்கா?" என்றார். கார்ப்ரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பர் மூட்டைச் சுற்றி விரலால் கிரீஸைத் தடவினார். பாதிச் சுற்று போனதும் கத்தல் தானாக இறங்கியது.

"ரப்பர் வெடிச்சிருக்கு தம்பி. மேல பாத்தாத் தெரியாது, மடக்கிப் பாரு." கழற்றி மடக்கினேன். அடிப்பக்கத்தில் நகம் நீளத்துக்கு ஒரு பிளவு. அதன் வழியாகக் காற்று போய், கலவை மெலிந்து, வண்டி கத்தியிருக்கிறது. "கிரீஸ் வச்சும் இறங்கலேன்னா கிராங்க் ஆயில் சீல் போயிருச்சின்னு அர்த்தம். நின்ன டூ ஸ்ட்ரோக்குல அதுவும் காஞ்சிரும்" என்றார். நல்லவேளை, சீல் பிழைத்திருந்தது. புது ரப்பர் காரைக்குடியில் கிடைக்காமல் மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

டூ ஸ்ட்ரோக்கில் கலவை மெலிவது வெறும் மிஸ்ஸிங் விவகாரம் இல்லை. சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, ஓடும்போதே சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான் ஸ்க்ரூவை வைத்து எப்படியோ கத்தலை அடக்கி அந்தப் பேரனிடம் கொடுத்திருந்தால்? அதை நினைத்து அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ரப்பர் வந்தபிறகு ஐடிலிங் ஐந்து நிமிஷ வேலை. இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், பச்சைத் தண்ணியாக இருக்கும்போது செய்கிற டியூனிங் வீண். ஐடில் ஸ்க்ரூவால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் இன்ஜின் பதில் சொல்லக் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் உச்சத்துக்குப் போய்ச் சீராகிறதோ அதுதான் இடம். பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது.

ஏர் ஸ்க்ரூ என்று பெயர் வைத்திருந்தாலும் எல்லா வண்டியிலும் அது காற்றுக்கான ஸ்க்ரூ இல்லை. சிலைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, வெளியே திருகினால் கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவை ஸ்க்ரூ, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இரண்டும் நேரெதிர். ஆரம்பத்தில் சொன்ன மழுங்கல் கதை இதுதான். ஆர்.எக்ஸில் கற்ற பழக்கத்தில் ஒரு நண்பனின் பல்சரில் பெட்ரோலைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு உள்ளே உள்ளே திருகினேன். வண்டி மேலும் மேலும் மோசமானது. நானும் மேலும் மேலும் திருகினேன். கூர்மையான முனை இருக்கையில் மோதி நசுங்கிவிட்டது. அந்த நண்பன் இப்போது இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருக்கிறான். என்னால்தான் என்று சொல்லமாட்டான்.

ஐடிலிங் சரியானதோடு வேலை முடிவதில்லை. ஸ்க்ரூவின் பேச்சு ஆக்ஸிலேட்டர் கால் திருப்பு வரைதான் செல்லும். அறுபதில் இழுக்கவில்லை என்று வருகிறவரின் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற மாதிரி. என் கடையில் இன்சுலேஷன் டேப்புக்குப் பஞ்சமில்லை. ஆக்ஸிலேட்டர் கிரிப்பில் ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடு. சாலையில் ஓட்டும்போது எந்தக் கோட்டில் வண்டி தடுமாறுகிறது என்று பார்த்தால் போதும், வேகத்தைப் பார்க்க வேண்டாம். விட்டதிலிருந்து அரைக்கால் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை சிலைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி, நாம் தினமும் ஓட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இந்த எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், கோடு கிழித்த மாதிரி இருக்காது.

பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் வரை ஓட்டிப் பார்த்தேன். காலுக்கு மேல் அரையில் ஒரு தயக்கம். பிடித்த மாதிரி நின்று, பிறகு போகும். செட்டிநாடு ரயில் நிலையம் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றினேன். பால் கலக்காத டீ நிறத்தில் இருந்தால் சரி. கறுப்பாக மசி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்தால் குறைவு. இது வெளுப்பு. பார்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: அரையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றவேண்டும். மெதுவாக உருட்டி வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளக் ஐடிலிங் கதையைத்தான் சொல்லும்.

வெளுப்புக்கு ரப்பர் காரணமில்லை, அது புதுசு. பெட்ரோல் மாறிவிட்டது. இந்த வண்டி செய்த காலத்தில் பெட்ரோல் பெட்ரோலாக இருந்தது. 2022-இல் நாடு முழுக்க 10 சதவீத எத்தனால் வந்தது, 2023-இலிருந்து 20 சதவீதம் வரத் தொடங்கியது. பெட்ரோல் சரியாக எரிய ஒரு பங்குக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஆக்சிஜனை அதுவே கொண்டுவருகிறது. அதனால் அதே ஜெட்டில் அதே அளவு பெட்ரோல் போனாலும் கலவை மெலிந்துவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் முகர்ந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்ப்ரேட்டருக்கு மூக்கு கிடையாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் ஊதவைக்கும். அதனால் இந்த மாதிரிப் பழைய வண்டிகளின் டியூப், ஓரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. எத்தனாலைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்களும் உண்டு, அதெல்லாம் டீக்கடையில்.

ஊசியின் தலையில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். கிளிப் கீழே, ஊசி மேலே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குழம்பாதவர் யாருமில்லை. ரயில் நிலையத்து வேப்பமர நிழலிலேயே மாற்றினேன். திரும்பி வரும்போது அரையில் அந்தத் தயக்கம் காணோம். ஒரு காலத்தில் எல்லோரும் ஏன் இந்த வண்டிக்கு ஏங்கினார்கள் என்று பள்ளத்தூர் வளைவு வரும்வரை தெரிந்தது. பக்கத்தில் கால்நடைப் பண்ணையில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு ஓட்டம் விடக் கிடைத்தால் மெயின் ஜெட்டையும் பார்த்திருக்கலாம். கிடைக்காது. மெயின் ஜெட்டை அப்படியே விட்டுவிட்டேன், பேரனிடம் முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். இது எங்கள் ஊர்த் தரைக்குச் செய்த டியூனிங். நண்பர்களோடு கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் 7,000 அடியில் காற்று மெல்லிசு, பெட்ரோல் அதிகமாகி வண்டி கறுப்பாக இருமும். அதைக் கோளாறு என்று நினைத்து அங்கே ஒருவரிடம் ஸ்க்ரூவைத் திருகக் கொடுக்காதே, கீழே இறங்கினால் தானாகச் சரியாகும். அவன் தலையாட்டினான். கேட்டானா என்பது வேறு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அவன் ஐயா வண்டியில் கோயிலுக்குப் போய் வந்தான். பட்டு வேட்டியில் செயின் எண்ணெய் தெறித்து ஒரு வரி. அவன் ஆத்தா அதற்காகத் திட்டிய சத்தம் முகப்பு வரை கேட்டது. அன்று முழுக்க வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்னால் ஏறிச் சுற்றினார்கள்.

மாசி பிறந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். ஆச்சி போன் பண்ணினார், வீட்டைப் பூட்டப் போகிறோம், வண்டியை என்ன செய்ய. போனேன். டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்து என் வண்டிக்கே ஊற்றிக்கொண்டேன். உள்ளே லேசாக எண்ணெய் பூசினேன். டேங்கின் பெட்ரோல் காக் வால்வை மூடிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டேன். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடட்டும், உள்ளே ஒரு சொட்டுகூட நின்று பசையாக வேண்டாம்.

ஆச்சி சாவிக்கொத்தோடு நிலைப்படியில் நின்றார். வண்டி ஒரே சீராக இரண்டு நிமிஷம் போல ஓடியது. பிறகு சத்தம் மெல்ல ஏறியது, இன்னும் ஏறியது, யாரோ ஆக்ஸிலேட்டர் கொடுத்த மாதிரி. அப்புறம் நின்றது.

"நிக்கப் போறப்ப ஏன் தம்பி சத்தம் கூடுது?"

"பெட்ரோல் தீரத் தீரக் காத்து கூடுது ஆச்சி."

அவர் ஜமுக்காளத்தை உதறி ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகப் போர்த்தினோம். டியூப் முனையில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன், குளவிக்காக. எனாமல் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு வந்து ஆச்சி கதவைப் பூட்டினார்.